மூடியைத் திறந்தால் வைஃபை காணோமா? ரீஸ்டார்ட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இந்த விண்டோஸ் லேப்டாப்பை ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மூடி வைத்தேன். இப்போது உங்கள் முன்னாலேயே திறக்கிறேன். பாஸ்வேர்டு போட்டாச்சு. கீழே வலது மூலையைப் பாருங்கள். விசிறி மாதிரி இருக்கும் வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் பூமி உருண்டை நிற்கிறது. அழுத்தினால் வைஃபை பட்டனே இல்லை.

இந்த நேரத்தில் கை தானாக ரீஸ்டார்ட்டுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் நெட் வந்துவிடும், ஆனால் கோளாறு எங்கே என்ற தடயமும் அதோடு போய்விடும். நாளைக்குக் காலையில் மறுபடியும் இதே பாடு.

முதலில் போனை எடுத்து அதே வைஃபையில் நெட் வருகிறதா என்று பாருங்கள். போனிலும் வரவில்லையா? அப்போது ரவுட்டரைப் பாருங்கள், லேப்டாப்பை விட்டுவிடுங்கள். இங்கே போனில் நன்றாக வருகிறது.

சிலருக்கு விசிறி இருக்கும், 'கனெக்டட்' என்றும் காட்டும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. அவர்கள் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் லேப்டாப்பை அடையாளம் காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் லேப்டாப் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். வைஃபையை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகக் கொண்டுபோகும் ஆப்) வைத்திருந்தால் அதையும் ஒரு முறை துண்டித்துப் பாருங்கள்.

என் கேஸ் வேறு. இங்கே வைஃபை கார்டே எழுந்திருக்கவில்லை. லேப்டாப்பின் சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜருக்குப் போகிறேன், நெட்வொர்க் அடாப்டர்ஸ், அதில் வைஃபை கார்டு. மஞ்சள் முக்கோணம் தெரிகிறதா? வலது கிளிக், டிசேபிள். சில நொடி விட்டு எனேபிள். இதோ, விசிறி வந்துவிட்டது! ரவுட்டரைத் தொடவே இல்லை, பார்த்தீர்களா. கோளாறு கார்டுக்கும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கும் நடுவில்தான்.

லேப்டாப் தூங்கும்போது பேட்டரியை மிச்சம் பிடிக்க கார்டுக்கான மின்சாரத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். திறந்ததும் டிரைவர் அதை மறுபடி உயிர்ப்பிக்க வேண்டும். அந்த இடத்தில்தான் தடுமாறுகிறது. அதனால் அதே கார்டின் பிராப்பர்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற முதல் டிக்கை எடுத்துவிடுகிறேன். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகலாம். எனக்கு அது பரவாயில்லை.

உங்கள் லேப்டாப்பில் அந்தப் பக்கமே இல்லையென்றால் பயப்படாதீர்கள். புதிய மாடல்களில் பல, போன் மாதிரி அரைத்தூக்கத்தில் இருக்கும். மாடர்ன் ஸ்டாண்ட்பை என்பார்கள். அதில் இந்த டிக் பெரும்பாலும் தெரியாது. அப்படியென்றால் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே வைஃபை டிரைவரைப் போடுங்கள். அதுவும் உதவவில்லையென்றால், மூடியை மூடினால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட் ஆகும்படி, அதாவது திறந்திருந்ததை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு அணையும்படி மாற்றுங்கள். திறக்கக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் கார்டு புதிதாகத் தொடங்கும்.

ஒரு அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் அதே பிராப்பர்டீஸின் டிரைவர் பக்கத்தில், பழைய டிரைவருக்குத் திரும்பும் 'ரோல் பேக்' அழுத்துங்கள். போன வருடம் என்னுடைய பழைய லேப்டாப்பில் இதை விட்டுவிட்டு இரண்டு நாள் ரவுட்டர் செட்டிங்கை நோண்டிக்கொண்டிருந்தேன். அந்த அவஸ்தை உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இந்த வீடியோவே.

அப்புறம், பலர் 'ஷட் டவுன் செய்தும் போகவில்லை' என்கிறார்கள். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் முழுமையாக நடக்காது, சிஸ்டத்தின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதி வைத்து அப்படியே திரும்ப எடுக்கும். முழுதாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

டிவைஸ் மேனேஜரிலேயே கார்டு பெயர் இல்லையா? அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டுப் போடுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் கார்டைக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

சரி, டிக் எடுத்தாச்சு. ஒரு நிமிடம் மூடித் திறந்து பார்த்தால் போதாது, நீண்ட தூக்கத்தில்தான் இது மாட்டும். அதனால் இன்று இரவு முழுக்க மூடி வைக்கிறேன். காலையில் திறப்பதையும் இதே வீடியோவின் கடைசியில் வெட்டாமல் சேர்க்கிறேன்.