பாடுபவரின் காதுக்குள்

வணக்கம் நேயர்களே.

ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக் முன்னால் நிற்கிறார். இந்தப் பக்கம் மேசையில் எத்தனை விளக்கு எரிகிறது, எந்த மீட்டர் எங்கே ஆடுகிறது என்று அவருக்குத் தெரியாது. அவருக்குக் கிடைப்பதெல்லாம் காதில் விழுவது மட்டும்தான். அது சரியாக இருந்தால் குரல் தானாக வரும். சரியில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த மைக் வைத்தாலும் பதிவில் ஒரு இறுக்கம் தங்கிவிடும். ஆகவே இன்றைய பேச்சு முழுக்க அந்தக் காதைப் பற்றித்தான்.

ஹெட்போனில் தன் குரல் போதாமல் கேட்டால் பாடகர் தன்னை அறியாமல் கத்தத் தொடங்குவார். தொண்டை இறுகும், சுருதி மேலே ஏறும். தன் குரல் மிதமிஞ்சிக் கேட்டால் இதற்கு நேர்மாறு: குரலை உள்ளே இழுத்துக்கொள்வார், மூச்சின் பிடி தளரும், நீண்ட சுரங்கள் கீழே இறங்கும். அதனால் சுருதி பிசகும்போது, "சுருதியைக் கவனியுங்கள்" என்று சொல்வதற்கு முன்னால் ஹெட்போன் மிக்ஸை, அதாவது அவர் காதுக்குப் போகும் குரலும் கருவிகளும் சேர்ந்த கலவையை, பாருங்கள். குரலை ஒன்று அல்லது இரண்டு டெசிபெல் மட்டும் கூட்டியோ குறைத்தோ ஒரு சரணத்தைப் பாடச் சொல்லுங்கள். பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடும். பேஸ் என்னும் அடிச்சுர ஒலியும் தாளமும் மட்டும் பெரிதாக ஒலித்தால் சுருதியைப் பிடித்துக்கொள்ள இடமில்லாமல் போகும். சுருதியோ, கார்டு, அதாவது சுரக்கூட்டு, வாசிக்கும் கருவியோ தெளிவாகக் கேட்க வேண்டும்.

ரீவெர்ப், அதாவது அறையின் எதிரொலி போன்ற நீட்சி, இல்லாத வறண்ட குரலைக் காதருகே கேட்பது பலருக்குக் கூச்சமாக இருக்கும். கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். ஹெட்போனுக்கு மட்டும், பதிவுக்குள் போகாமல். அதிகமாகக் கொடுத்தால் சுரத்தின் விளிம்பு மங்கி, சுருதி எங்கே நிற்கிறது என்பதே புரியாது.

அடுத்தது தாமதம். கணினி வழியாகக் குரலைத் திருப்பி அனுப்பும்போது இது வரும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர், அதாவது கணினி ஒருசேரச் சேர்த்து அனுப்பும் ஒலித் துண்டு, 256 சாம்பிள் என்று வைத்தால், ஒரு வழிக்கு மட்டும் 5.3 மில்லி விநாடி. போகவும் வரவும் சேர்த்தால் 10-ஐத் தாண்டும். காகிதத்தில் சின்ன எண்தான். ஆனால் தன் குரலை ஒருவர் தலை எலும்பின் வழியாக உடனே கேட்கிறார், ஹெட்போனில் பிந்திக் கேட்கிறார். இரண்டும் கலந்து, குழாய்க்குள் பாடுவது போல வெறுமையாக ஒலிக்கும். "ஏதோ சரியில்லை" என்று மட்டும் அவரால் சொல்ல முடியும். காரணம் சொல்லத் தெரியாது. பஃபரை 64-க்கு இறக்குங்கள், அல்லது மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் கருவியிலிருந்தே நேரடியாகக் கேட்க வையுங்கள். அதன் பிறகும் குரல் மெலிந்து கேட்கிறது என்றால், ஹெட்போனுக்குப் போகும் குரலின் ஃபேஸை, அதாவது ஒலி அலையின் மேல்-கீழ் திசையை, ஒரு முறை திருப்பிப் பாருங்கள். எலும்பு வழி வரும் ஒலியோடு அது சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். சில நேரம் அந்த ஒரு பட்டன் போதும், முகம் மலர்ந்துவிடும்.

ஒரு காதைத் திறந்து வைத்துப் பாடுகிறவர்கள் உண்டு. தாராளமாகப் பாடட்டும். திறந்த பக்கத்தின் ஒலியை மட்டும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாளம் காட்ட ஹெட்போனில் ஓடும் க்ளிக் சத்தம் மைக்குக்குள் கசியும். பாட்டு அடங்கி முடிகிற இடத்தில் இந்தக் கசிவு தெளிவாகக் கேட்கும். கடைசி வரிக்குப் பிறகு க்ளிக்கை நிறுத்துவது நல்ல பழக்கம்.

பதிவின் ஒலி அளவைப் பற்றிச் சுருக்கமாக: ஒத்திகையில் பாடியதைவிட உண்மையான டேக்கில், அதாவது பதிவுக்காகப் பாடும் தடவையில், குரல் பல டெசிபெல் கூடும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது உச்சம் மைனஸ் 10 டெசிபெல் அருகே நின்றால் போதும். உடைந்துபோன உச்சத்தை முழுதாகச் சீர்செய்ய முடியாது.

கருவிகள் அறைக்குள் வந்து அரை மணி நேரமாவது இருக்கட்டும். புதுத் தந்தியை அன்று காலையில் மாட்டினால் நாள் முழுவதும் இறங்கிக்கொண்டே இருக்கும். முந்தைய நாளே மாட்டி இழுத்துவிட வேண்டும். ஊதும் கருவி சூடேறச் சூடேறச் சுருதி உயரும். ஒவ்வொரு டேக்குக்கும் இடையில் சுருதி சேர்ப்பது வீண் வேலை இல்லை. நாளை இரண்டாவது டேக்கின் பல்லவியையும் ஐந்தாவது டேக்கின் சரணத்தையும் ஒட்டப் போகிறீர்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால்தான் ஒட்டும்.

காதில் விழுவதில் இன்னொன்றும் உண்டு: பேச்சு. டேக் முடிகிறது. கண்ணாடிக்குப் பின்னால் நாலு பேர் வாயசைப்பது தெரிகிறது; ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்தப் பத்து விநாடி மௌனத்தில் பாடுபவர் தன்னைப் பற்றிக் கெட்டதையெல்லாம் நினைத்து முடித்துவிடுவார். கடைசிச் சுரத்தின் ஒலி முழுவதும் அடங்க ஐந்து விநாடி விட்டு, உடனே அவர் ஹெட்போனுக்குள் பேச உதவும் டாக்பேக் பட்டனை அழுத்துங்கள். "கேட்டேன், ஒரு நிமிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்றாலே போதும். அறைக்குள் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும். திருத்தம் ஒரு முறைக்கு ஒன்று, அதுவும் இடம் சுட்டி: "இரண்டாவது சரணம், மூன்றாம் வரி, கடைசிச் சொல் அமுங்குகிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்." "இன்னும் நன்றாக வேண்டும்" என்பது திருத்தமே அல்ல. அதைக் கேட்டவர் நன்றாக வந்ததையும் சேர்த்து மாற்றிவிடுவார்.

ஒரு வரியை மட்டும் திருப்பிப் பாடும்போது இரண்டு வரி முன்னாலிருந்து ஓட விடுங்கள். வெட்டுகிற இடம் மூச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும். மூச்சின் நடுவில் வெட்டினால் எந்தக் காதும் கண்டுபிடித்துவிடும்.

ஒத்திகையையும் பதிவு செய்யுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு டிராக்குக்கு ஒரு நிமிடம் சுமார் 9 மெகாபைட்தான். பயம் இல்லாமல் பாடிய அந்த முதல் தடவையில் இருந்தது பிறகு வராமலே போகலாம். முழு டேக் மூன்று நான்கு முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். மேல் சுரங்கள் மெலியத் தொடங்கியபின் இன்னொரு டேக் கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை. பத்து நிமிடம் ஓய்வு கொடுப்பதே மேல்.

கிளம்புமுன் ஒரு தற்காலிக மிக்ஸைக் கையில் கொடுத்தனுப்புங்கள். பதிவை வெவ்வேறு டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் இருந்த தூரத்தை அளந்து எழுதுங்கள். நின்ற இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் ஒரே ஒரு வரிக்காகத் திரும்பி வரும்போது 15 சென்டிமீட்டர் 20 ஆகிவிட்டால் குரலின் கனம் குறைந்துவிடும், ஒட்டிய இடம் பல்லிளிக்கும்.

நன்றி, வணக்கம்.