இரண்டாவது கையெழுத்து எதற்கு?

நடுவர் அவர்களே, ஆடிக் கூழ் குடித்த கையோடு நாற்காலி பிடித்து உட்கார்ந்திருக்கும் பழைய வண்ணாரப்பேட்டை மக்களே, வணக்கம்.

நாட்டுக்கு ஏற்றது ஒற்றையாட்சியா, கூட்டாட்சியா என்பது தலைப்பு. நான் கூட்டாட்சிப் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன், "ஒரு கையெழுத்தில் முடிகிற வேலைக்கு எதற்கு ரெண்டு? டெல்லியில் ஒன்று, கோட்டையில் ஒன்று என்று ஃபைல் அலையுதே" என்றார். கைதட்டல் விழுந்தது. பொய் சொல்லக் கூடாது, நானும் தட்டினேன்.

சரி அண்ணே, இந்தத் திருவிழாக் கமிட்டியின் செக்கில் எத்தனை கையெழுத்து? ரெண்டு. தலைவர் ஒன்று, பொருளாளர் ஒன்று. போன வருஷம் பொருளாளர் மகள் பிரசவத்துக்காக வேலூர் போய்விட்டார். பந்தல்காரர் மூணு நாள் கோயில் வாசலிலேயே டீ குடித்துக்கொண்டு கிடந்தார். அவ்வளவு கஷ்டத்திலும், "இனிமேல் தலைவர் கையெழுத்தே போதும்" என்று இந்தத் தெருவில் ஒருவராவது சொன்னாரா? தலைவர் தங்கமான மனிதர். முன்வரிசையில்தான் இருக்கிறார், எனக்கு ராத்திரி சாப்பாடு வேண்டும். ஆனாலும் யாரும் சொல்லவில்லை.

ஒற்றையாட்சியிலும் மாகாணம் உண்டு, மாநகராட்சி உண்டு. ஆனால் அவற்றின் அதிகாரம் மேலிடம் கொடுத்த கைமாற்று. கேட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். லண்டன் மாநகருக்கு என்று மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பேரவை இருந்தது. பிரதமர் தாட்சருக்கும் அதற்கும் ஒத்துப்போகவில்லை. நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம். 1986இல் பேரவையே காலி. 2000 வரைக்கும் அந்தப் பெரிய ஊருக்கு மொத்தமாக ஒரு தேர்ந்தெடுத்த நிர்வாகம் கிடையாது. இலங்கையில் 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று கொழும்பில் சட்டம் போட்டார்கள். தடுத்துக் கேட்க யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டமன்றம் இருந்ததா? ஜப்பானும் பிரான்சும் ஒற்றையாட்சியில் நன்றாகத்தானே இருக்கின்றன என்பார்கள். இருக்கட்டும். நம் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள், அதில் எத்தனை மொழி என்று.

கூட்டாட்சியில் கைமாற்று இல்லை, பாகப்பிரிவினைப் பத்திரம் உண்டு. நம் அரசமைப்பில் அதற்கு ஏழாவது அட்டவணை என்று பெயர். ஒன்றியத்துக்கு ஒரு பட்டியல், மாநிலத்துக்கு ஒரு பட்டியல், ரெண்டு பேருக்கும் சேர்த்துப் பொதுப் பட்டியல். புத்தகத்தில் தேட வேண்டாம், காசிமேட்டுக்கு நடந்து போங்கள். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநிலத்தின் கையில். அதைத் தாண்டினால் ஒன்றிய அரசு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்கிறோமே, உள்கடலுக்கு ஓர் உத்தரவு, வெளிக்கடலுக்கு ஓர் உத்தரவு. சங்கரா மீனுக்கு எந்தப் பட்டியல் என்று தெரியாது. அதனால் ரெண்டு அரசும் பேசி ஒரே தேதிக்கு வந்தாக வேண்டும். பேசித்தான் ஆகணும் என்கிற அந்தக் கட்டாயத்துக்குத்தான் அண்ணே, நான் ஓட்டுக் கேட்கிறேன்.

ஜிஎஸ்டியும் அப்படித்தான். 2016இல் அரசமைப்பைத் திருத்த, பாதி மாநிலச் சட்டமன்றங்களாவது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஜிஎஸ்டி மன்றத்தில் ஒன்றியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, மாநிலங்களுக்கு மூன்றில் ரெண்டு பங்கு. முடிவெடுக்க நாலில் மூணு பங்கு தேவை. தனியாக யாராலும் தாண்ட முடியாது.

இதற்குமேல் நம் கூட்டாட்சியை நான் ரொம்பப் புகழவும் மாட்டேன். ஒரு மாநிலத்தை ரெண்டாகப் பிரிக்க அந்த மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் வேண்டாம். இங்கே ரெண்டாவது கையெழுத்துக்குக் கட்டமே இல்லை. அதைவிட எனக்கு ஆறாதது 1976. கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோன 42ஆவது திருத்தம் நெருக்கடி நிலையின்போது வந்தது. அதற்கும் பாதிச் சட்டமன்றங்களின் ஒப்புதல் தேவை. ஆனால் அந்த வருஷம் ஜனவரி 31 அன்றே தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்துச் சட்டமன்றத்தையும் கலைத்துவிட்டார்கள். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிய பத்திரத்தில், நமக்குக் கையெழுத்துப் போடக் கையே இல்லை.

"பார்த்தீங்களா, உங்கள் கூட்டாட்சியிலும் கலைத்தார்களே" என்று எதிரணி எழுதிக்கொள்கிறார்கள், தெரிகிறது. எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும்: 1977இல் தேர்தல் வைத்துச் சட்டமன்றத்தைத் திரும்பத் தர வேண்டியிருந்தது. 1994இல், கர்நாடகத்தின் முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், கலைப்புக்கான காரணத்தை நாங்களும் பார்ப்போம் என்றது. லண்டன்காரர்களுக்கு அப்படிப் போய் நிற்க ஒரு படிக்கட்டு இல்லை. அங்கே நாடாளுமன்றம் போட்ட சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியாது.

அப்புறம்... நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். ஒரே நிமிஷம் ஐயா.

எனக்கு அடுத்து எதிரணித் தங்கச்சி வந்து, ஒரே கையெழுத்து போதும் என்று இன்னும் அழகாகப் பேசுவார். பேசட்டும். இறங்கும்போது கமிட்டிக்காரர்கள் கையில் ஒரு கவர் கொடுப்பார்கள். உள்ளே இருக்கும் செக்கில் பொருளாளர் கையெழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளம்மா. இல்லையென்றால் வேலூர் போக வேண்டியிருக்கும்.