பசிக்கு ஒரு நோக்கம் வேண்டும்

அன்பான சகோதரர்களே, சகோதரிகளே, இன்று விருந்தினராக வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

ஊரார் நம்மை மார்மன்கள் என்கிறார்கள். மார்மன் புஸ்தகத்தை வேதமாக ஏற்றுக்கொண்டதால் வந்த பெயர் அது. 1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஃபயெட் என்ற சிற்றூரில் அமைக்கப்பட்ட நம் சபையின் பெயர், பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அன்றாட விசுவாசத்தில் எப்படி வளர்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடல் போன்ற தலைப்பு. அதிலிருந்து ஒரு கை அள்ளிக்கொள்கிறேன்: மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாச ஞாயிறு. ஜெபம், வேத வாசிப்பு, காணிக்கை, சாட்சி, பிறரைக் கவனிப்பது எல்லாம் அந்த ஒரே நாளில் வந்து சேர்கின்றன. அப்படியிருந்தும் நம்மில் பலர் அந்த நாளை வெறும் பட்டினியாகக் கழித்துவிடுகிறோம். அந்த நஷ்டம் எங்கே நேர்கிறது என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. உபவாசம் என்றால் ஏறக்குறைய 24 மணி நேரம், அடுத்தடுத்த இரண்டு வேளை, சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல். சனிக்கிழமை மதியம் 2 மணிக்குச் சாப்பிட்டு எழுந்தால் ஞாயிறு மதியம் 2 மணி வரை. இடையில் போவது இரவுச் சாப்பாடும் காலைப் பலகாரமும். பலர் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்து, காலையை மட்டும் விட்டுவிட்டு, ஆராதனை முடிந்ததும் ஒரு மணிக்குத் தட்டை எடுத்துவிடுகிறார்கள். அது பதினைந்து மணி நேரம், ஒரே வேளை. இதை யாரும் கடிகாரம் வைத்துச் சோதிப்பதில்லை, சோதிக்கவும் கூடாது. ஆனால் இரண்டு வேளை என்று சொல்லியிருப்பதற்கு அர்த்தம் இருக்கிறது. முதல் வேளையைத் தூக்கம் பாதி விழுங்கிவிடும். ஞாயிறு காலை பத்து, பதினொரு மணிக்கு வருகிற பசிதான் நம்மோடு பேசுகிற பசி.

அந்தப் பசியிடம் நாம் என்ன சொல்லப்போகிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். நான் இன்று சொல்ல வந்ததே இதுதான். உபவாசம் சாப்பாட்டை நிறுத்தும்போது தொடங்குவதில்லை. நோக்கத்தைச் சொல்லி ஜெபிக்கும்போதுதான் தொடங்குகிறது. சனிக்கிழமை மதியம் சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அதே அடுக்களையில் குடும்பமாக முழங்காலிட்டு, "பிதாவே, இந்த உபவாசத்தை இன்ன காரியத்துக்காகத் தொடங்குகிறோம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும். இதை விட்டுவிட்டவர்களுக்கு மறுநாள் காலையில் பசி வந்ததும் சாப்பாட்டு நினைவு வரும். சொன்னவர்களுக்குப் பசி வரும்போதெல்லாம் அந்தக் காரியம் நினைவுக்கு வரும். வயிறே மணியடித்து ஜெபத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி.

நோக்கம் ஒன்றாக இருக்கட்டும். பத்துப் பெயர்களையும் உலக சமாதானத்தையும் சேர்த்துச் சொன்னால் எதுவும் மனதில் தங்காது. "நல்லவனாக வேண்டும்" என்பதும் போதாது. "மகனிடம் பேசும்போது குரல் உயர்கிறது, அதை அடக்க வேண்டும்" என்பது நோக்கம். "அடுத்த தெருச் சகோதரிக்குச் செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை" என்பது நோக்கம். ஒரு முடிவெடுக்க வழிநடத்துதல் வேண்டும் என்றால் இன்னும் ஒரு படி இருக்கிறது. 1829 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் ஹார்மனியில், ஜோசப் ஸ்மித்துக்கு எழுத்தராக இருந்த ஆலிவர் கௌட்ரி மார்மன் புஸ்தகத்தைத் தானும் மொழிபெயர்க்க முயன்று முடியாமல் போனபோது அவருக்கு வந்த வார்த்தை, நம் வெளிப்பாடுகளின் தொகுப்பான கோட்பாடும் உடன்படிக்கைகளும் 9-ஆம் பாகத்தில் இருக்கிறது. கேட்பதைத் தவிர வேறெதையும் யோசிக்கவில்லை என்பதே அவர் தவறு. முதலில் மனதிலே ஆராய வேண்டும், பிறகு அது சரியா என்று கேட்க வேண்டும். ஆகவே வேலை மாறலாமா என்று உபவாசிப்பவர், வெள்ளிக்கிழமையே சம்பளம், தூரம், குடும்பத்துக்குக் கிடைக்கும் நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதி, ஒரு முடிவுக்கு வந்து, அந்த முடிவை எடுத்துக்கொண்டு உபவாசத்துக்குள் போக வேண்டும். வெறுங்கையோடு போய்ப் பதிலுக்குக் காத்திருப்பவர்கள்தான் "ஒன்றும் வரவில்லை" என்று சோர்ந்து திரும்புகிறார்கள்.

மார்மன் புஸ்தகத்தில் ஆல்மா என்ற தீர்க்கதரிசி, தான் சாட்சி சொல்கிறவற்றைத் தானே அறிந்துகொள்ள அநேக நாட்கள் உபவாசித்து ஜெபித்ததாகச் சொல்கிறார். ஆல்மா 5:46-ஐத் திறந்து பாருங்கள். பிறர் சொல்லிக் கேட்டது தனக்குச் சொந்தமாக வேண்டும் என்ற தவிப்பு அது. அதே புஸ்தகத்தில் ஹீலமன் 3:35-இல் ஜனங்கள் அடிக்கடி உபவாசித்து ஜெபித்தபோது தாழ்மையில் பலப்பட்டார்கள் என்று வருகிறது. உடலைப் பலவீனமாக்குகிற காரியம் தாழ்மையிலே பலப்படுத்துகிறது. இது எப்படி நடக்கிறது என்று ஞாயிறு பதினொரு மணிக்குத் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஏங்குகிற நேரத்தில் யாருக்கும் தன்னைப் பற்றிப் பெரிய எண்ணம் இருக்காது.

இனி உடம்பு. பட்டியல் போடாமல், கெட்டுப்போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை மதியம் "நாளை வரை தாங்க வேண்டுமே" என்று பிரியாணியை இரண்டு தட்டு சாப்பிடுவது முதல் தவறு. ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று உப்பு கூடினால் இரவு பதினொரு மணிக்கே நாக்கு வறளும். சனிக்கிழமை காலையிலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வாருங்கள். கடைசி நேரத்தில் ஒரு செம்பு நீரை மடமடவென்று குடித்தால் அது தங்காது. தலைவலிக்குத் தண்ணீர்க் குறைவும் ஒரு காரணம். 1833 பிப்ரவரி 27-இல் வந்த, உடல்நலம் பற்றிய கட்டளையான ஞான வார்த்தையின்படி காபியும் டீயும் நம் வீடுகளில் இல்லை. ஆனால் தினமும் கோலா குடிப்பவருக்கு அதிலுள்ள காஃபீன் நின்றதும் தலை இடிக்கும். அந்த வாரம் புதன் முதலே அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், நோயிலிருந்து எழுந்தவர்கள், வயதால் தளர்ந்தவர்கள் பட்டினி இருக்க வேண்டியதில்லை. இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சர்க்கரை சரிந்து ஆளே மயங்கி விழலாம். அதைத் தேவன் கேட்கவில்லை. உடல்நலம் குன்றியவர்களிடமும் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களிடமும் இதை எதிர்பார்க்கக் கூடாது, சிறு பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சபைத் தலைவர் ஜோசப் எஃப். ஸ்மித் நூறு ஆண்டுகளுக்கு முன்பே போதித்தார். அப்படிப்பட்டவர்கள் எளிய சாப்பாடு சாப்பிட்டு, நோக்கத்தைச் சொல்லி ஜெபித்து, காணிக்கையும் கொடுத்தால் உபவாசத்தின் பங்கு அவர்களுக்கும் உண்டு. பிள்ளைகளுக்கு இத்தனை வயது என்று சபை வரையறுக்கவில்லை. எட்டு வயதில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை தானாகக் கேட்டால் ஒரு வேளையில் தொடங்கட்டும். பசிக்கிறது என்று பாதியில் வந்து நின்றால் சிரித்த முகத்தோடு சோறு போடுங்கள். அன்றைக்குத் திட்டு வாங்கிய பிள்ளை உபவாசத்தை வாழ்நாளெல்லாம் தண்டனையாகத்தான் நினைக்கும்.

முகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் பூசு, முகத்தைக் கழுவு என்றார் இரட்சகர். முகம் வாடிப்போய் வாசலில் நிற்பதும், "இன்று உபவாசம்" என்று பெருமூச்சு விடுவதும் வேண்டாம். திருவிருந்தில் அப்பமும் தண்ணீரும் எடுத்தால் உபவாசம் முறிந்துவிடுமோ என்று புதியவர்கள் கேட்கிறார்கள். முறியாது, தயங்காமல் எடுங்கள்.

அடுத்து, காணிக்கை. ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில் தேவன் தமக்கு உகந்த உபவாசம் எது என்று கேட்டு, "பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறதும்" அதில் அடங்கும் என்கிறார். நாம் விட்ட சாப்பாடு யாரோ ஒருவர் தட்டுக்குப் போக வேண்டும். 1850-களின் நடுவில் யூட்டாவில் வெட்டுக்கிளியும் வறட்சியும் விளைச்சலை அழித்தபோது, உபவாச நாளில் மக்கள் கொண்டுவந்தது பணமல்ல. மாவு, வெண்ணெய், முட்டை, இறைச்சி. அடுக்களையிலிருந்து நேராக, உள்ளூர்ச் சபையை நடத்தும் ஆயரின் களஞ்சியத்துக்குப் போனது. அக்காலத்தில் உபவாச நாள் மாதத்தின் முதல் வியாழன். பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு அது சிரமமில்லை. சுரங்கத்திலும் கடைகளிலும் கூலிக்குப் போனவர்கள் வேலைநாளில் கூட்டத்துக்கு வர முடியாமல் தவித்தார்கள். ஆகவே வில்ஃபர்ட் உட்ரஃப் தலைவராக இருந்த 1896-இல் முதல் ஞாயிற்றுக்கு மாற்றினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 6 முதல் இன்றுவரை அதே ஞாயிறு. ஏப்ரல், அக்டோபரில் பொது மாநாடு முதல் ஞாயிற்றில் வந்தால் மட்டும் வேறு ஞாயிற்றுக்குத் தள்ளுவார்கள்.

எவ்வளவு கொடுப்பது? சாப்பிடாமல் விட்ட உணவின் விலையாவது. நான்கு பேர் குடும்பம், ஒரு வேளைக்கு ஆளுக்கு 60 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வேளைக்கு 480 ரூபாய். கடைக்குட்டி சாப்பிட்டுவிட்டான் என்று 120-ஐக் கழிக்காதீர்கள். அப்படிக் கழிக்கிற மனதுக்கு உபவாசம் எதையும் கற்றுத்தரவில்லை. இயன்றவர்கள் பத்து மடங்கும் கொடுக்கலாம் என்று 1974-இல் சபைத் தலைவர் ஸ்பென்சர் டபிள்யூ. கிம்பல் அழைத்தார். காணிக்கைச் சீட்டில், வருமானத்தில் பத்திலொரு பங்கான தசமபாகத்துக்கு ஒரு வரி, உபவாசக் காணிக்கைக்கு இன்னொரு வரி. மொத்தத் தொகையைத் தசமபாகத்தின் வரியில் எழுதிவிட்டு இதில் எழுதியதாக நினைத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. உறையை ஒட்டும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம் போகிற வழியும் தெரிய வேண்டும். ஒரு குடும்பத்துக்கு நெருக்கடி என்றால் ஆயர் முடிவெடுக்கிறார். சபைப் பெண்களின் அமைப்பான ஒத்தாசைச் சங்கத்தின் தலைவி அந்த வீட்டுக்குப் போய் அரிசி இருக்கிறதா, மருந்து தீர்ந்ததா, வாடகை எத்தனை மாதம் பாக்கி என்று பார்த்து அவரிடம் சொல்லலாம். முடிந்தவரை கையில் ரொக்கமாகத் தராமல் மளிகைக் கடைக்கோ வீட்டுக்காரருக்கோ நேராகக் கட்டுகிறார்கள். உயிர்வாழத் தேவையானதற்கு உதவி, வசதிக்கு இல்லை. பெறுபவரால் முடிந்த ஒரு வேலையைச் செய்யக் கேட்பதும் உண்டு, தலைகுனியாமல் வாங்கிக்கொள்வதற்காக. யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வெளியே வராது. ஓரிடத்தில் மிஞ்சியது குறைவான இடத்துக்குப் போகிறது. 1985-இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக ஜனவரி 27 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறப்பு உபவாசம் வைத்தபோது 60 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வீட்டில் விட்டுப்போன இரண்டு வேளைச் சாப்பாடு.

சாட்சிக் கூட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆயரும் அவருடைய ஆலோசகர்களும் சேர்ந்த ஆயத்துவத்தில் ஒருவர் முதலில் சாட்சி சொல்வார். பிறகு யார் வேண்டுமானாலும் எழுந்து வரலாம். சாட்சி என்பது உங்களுக்குத் தெரிந்த சத்தியத்தைச் சொல்வது: தேவன் ஜீவிக்கிறார், இயேசு என் இரட்சகர், இதை ஆவியானவர் எனக்கு உணர்த்தினார். பயணக் கதை, நோய் வரலாறு, சொந்தக்காரர் அனைவருக்கும் நன்றி, இதெல்லாம் அன்பான பேச்சுதான், ஆனால் சாட்சி அதில் மூழ்கிப்போகும். ஒரு நிமிடம் போதும். பசியோடு உட்கார்ந்திருக்கிற குழந்தைகளின் தாய்மாரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, முடிக்கும் விதம். 1831 ஆகஸ்டில் மிசூரியில் வந்த வெளிப்பாட்டில், அந்த நாளின் உணவை ஒருமனப்பட்ட இருதயத்தோடு ஆயத்தம்பண்ணச் சொல்லி, உபவாசமும் ஜெபமும் என்பது சந்தோஷமும் ஜெபமும்தான் என்று இருக்கிறது. வீட்டுப் பெண்மணி பட்டினியோடு இரண்டு மணி நேரம் அடுப்படியில் நின்று விருந்து சமைத்தால் அவருக்கு அதில் என்ன சந்தோஷம்? சனிக்கிழமையே மாவு அரைத்து வைத்துவிடுங்கள். ஆண்கள் தட்டு வையுங்கள். முதலில், தொடங்கிய அதே நோக்கத்தைச் சொல்லி நன்றி ஜெபம். ஒரு வாய் தண்ணீர், சற்றுப் பொறுத்துக் கஞ்சியோ ரசம் சாதமோ. பொரித்தது இரவுக்கு இருக்கட்டும். காலையில் பசியின் நடுவே மனதில் பட்டதை இரண்டு வரி எழுதி வையுங்கள், சாப்பிட்டதும் அது மறந்துபோகும்.

அந்தச் சகோதரியின் அறுவை சிகிச்சைக்காக உபவாசித்தீர்கள் அல்லவா? செவ்வாய் வரை காத்திராதீர்கள். திங்கள் மாலையே அவர் வீட்டுக்குப் போய், ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு ஆள் இருக்கிறதா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கு யார் சாப்பாடு கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.