சிரிக்கிற முகம் சான்றாகுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

இந்தக் கேள்வி நெதர்லாந்திலிருந்து வந்திருக்கிறது. அங்கே 1000-க்கும் மேற்பட்ட பராமரிப்புப் பண்ணைகள், அதாவது உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பண்ணை வேலை வழியாகத் துணை தரும் இடங்கள், இருக்கின்றன. அப்படி ஒன்றில் வேலை பார்ப்பவர் கேட்கிறார்: "பள்ளிக்குப் போக முடியாமல் நின்றுவிட்ட, மனம் சோர்ந்த பிள்ளைகள் எங்கள் பண்ணைக்கு வந்து மாடு, கோழி, காய்கறி வேலை செய்கிறார்கள். வந்த புதிதில் நாங்கள் எடுத்த படங்களும் ஆறு மாதம் கழித்து எடுத்த படங்களும் இருக்கின்றன. முகத்தில் மாற்றம் நன்றாகவே தெரிகிறது. இதை வைத்து அவர்களுடைய மனநலம் தேறிவிட்டது என்று சொல்லலாமா? படங்களை ஆண்டறிக்கையில் போடலாமா?"

சொல்லக் கூடாது. கேமராவைக் கண்டால் சிரிக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதுவும் பழகின அக்கா எடுக்கிறார் என்றால் கேட்கவே வேண்டாம். அதோடு, நூறு படங்களில் எது அறிக்கைக்குப் போகும் என்று முடிவு செய்வதும் நீங்கள்தான். பருவத்தையும் பாருங்கள். நவம்பர் இருட்டில், மழைக் கோட்டுக்குள் ஒடுங்கி நிற்கிற பையனை மே மாத வெயிலில் எடுத்தால் வேறு ஆளாகத்தான் தெரிவான்.

ஆனால் படங்களை ஒதுக்கிவிடாதீர்கள். கேமராவைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். 1990-களின் தொடக்கத்தில் சீனாவின் யுன்னான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுக்கச் சொன்னார்கள். அந்த முறைக்கு இன்று போட்டோவாய்ஸ் என்று பெயர். எடுத்த படத்தை நடுவில் வைத்து ஐந்து கேள்விகள் கேட்பது அதில் வழக்கம்: இதில் என்ன தெரிகிறது? உண்மையில் இங்கே என்ன நடக்கிறது? இது நம் வாழ்க்கையோடு எப்படிச் சேர்கிறது? ஏன் இப்படி இருக்கிறது? நாம் என்ன செய்யலாம்?

பதினைந்து வயதுப் பையனிடம் இதை அப்படியே வரிசையாகக் கேட்டால் பரீட்சை மாதிரி ஆகிவிடும். "இதை ஏன் எடுத்தாய்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள், அதுவே போதும்.

உதாரணத்துக்கு, ஒரு பையன் காலியான தொழுவத்தை எடுத்து வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆளில்லை, மாடில்லை, ஈரத் தரையும் சுவரில் சாய்த்த மண்வாரியும்தான். பார்க்கிற பெரியவர் தனிமை என்று குறித்துக்கொள்வார். அவனைக் கேட்டால், "காலையில் நான் ஒருத்தனே கழுவி முடித்தேன், யாரும் பின்னால் வந்து சரிபார்க்கவில்லை" என்பான். நீங்கள் தேடுகிற தகவல் அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது. தன்னை நம்பி ஒரு வேலையை விட்டார்கள் என்கிறான். ஆகவே படத்தோடு அவன் சொன்னதை அவன் சொற்களிலேயே எழுதி வையுங்கள். அந்தப் பேச்சு இல்லாத படத்தை மதிப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

அப்புறம், எதை எடுக்கவில்லை என்றும் கவனியுங்கள். மூன்று மாதப் படங்களில் ஒரு மனிதர்கூட இல்லையென்றால் அதைப் பற்றி மெதுவாகப் பேச்சுக் கொடுக்கலாம். முடிவு கட்டிவிடாதீர்கள். பிறர் முகத்தை எடுக்க வேண்டாம் என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்!

நிதி தருபவர் எண் கேட்டால் வார்விக்–எடின்பரோ மனநல அளவுகோலைக் கூடவே வையுங்கள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும் 14 வாக்கியங்கள். மொத்த மதிப்பெண் 14 முதல் 70 வரை. எவ்வளவு மாறியது என்பதற்கு அது உதவும். பண்ணையில் எது மாற்றியது என்பதைப் பிள்ளைகள் படத்தைக் காட்டித்தான் சொல்வார்கள். ஆரம்பத்திலும் கடைசியிலும் "இங்கே எனக்கு முக்கியமானது" என்ற ஒரே தலைப்பைக் கொடுங்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும்.

ஆண்டறிக்கையில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு முகம் வெளியே போனால், இந்தப் பிள்ளை சிகிச்சைக்காக அங்கே இருந்தது என்ற செய்தியும் சேர்ந்தே போகிறது. அதனால் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் சம்மதம் இரண்டு முறை வாங்குங்கள்: தொடங்கும் முன்பு ஒன்று, எந்தப் படம், எங்கே என்று முடிவான பிறகு ஒன்று. வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். கைப்பேசிப் படமாக இருந்தால், எடுத்த இடம் கோப்புக்குள் பதிவாகியிருக்கலாம், அதையும் நீக்கிவிட்டு அனுப்புங்கள்.