பெரியப்பாவின் புளியும் என் ஒரு சதமும்

வணக்கம் உறவுகளே. போன வீடியோவில் துருப்பிடித்த சோடா மூடியை, யாழ்ப்பாண அரசர் காலத்துச் சேதுக் காசு என்று சொல்லி ஐந்து நிமிடம் விளக்கம் கொடுத்தேன். அதற்கு நீங்கள் சிரித்தது போதும். இன்றைக்குக் கையில் இருப்பது உண்மையான காசு. ஆனால் எனக்கு வயிறு எரிகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறேன், பாருங்கள். இந்தப் பக்கம் விக்டோரியா மகாராணியின் தலை. மற்றப் பக்கம் ஒரு மரம், அதன் இரண்டு பக்கமும் தமிழும் சிங்களமும். 1870ஆம் ஆண்டு ஒரு சதம். இலங்கையில் 100 சதம் ஒரு ரூபாய் என்ற கணக்கு நடைமுறைக்கு வந்ததே 1872இல்தான். காசை முதலே அடித்து வைத்துவிட்டார்கள்!

நான் கண்டெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் எடுத்தது பெரியப்பா. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துப் பக்கம் அவருடைய வெங்காயத் தோட்டம், உங்களுக்குத் தெரியும், நான் வழக்கமாகச் செருப்பைத் தொலைக்கும் அதே தோட்டம். லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினால் உழுதுவிட்டுப் படுத்தாராம், இரவு மழை. விடிய வரம்பில் நடக்கும்போது செம்மண்ணில் பச்சையாக ஒரு வட்டம். உழுத பிறகு மழை பெய்தால் மண் கழுவுப்பட்டுக் காசு மேலே தெரியும். இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். பெரியப்பாவும் கேட்டிருக்கிறார், அதனால்தான் குனிந்து பார்த்திருக்கிறார். அதுவரைக்கும் சந்தோஷம்.

எனக்குப் போன் பண்ணினார். நான் சைக்கிளில் போய்ச் சேர இருபது நிமிடம். அதற்குள் மனுசன் கிணற்றடியில் இருந்து, புளி போட்டு, சாம்பல் போட்டு, தும்பால் தேய் தேய் என்று தேய்த்து முடித்துவிட்டார். “பார் தம்பி, எப்பிடி மினுங்குது” என்கிறார். எனக்கு அழுகை வராத குறை. அந்தப் பச்சைப் படிவுதான் செம்பைக் காப்பாற்றிய சட்டை. புளியின் அமிலம் அதைக் கரைத்துவிடும், சாம்பல் எழுத்தையே அராவிவிடும். மகாராணிக்கு இப்போது மூக்கு இல்லை. குத்துவிளக்குக்குப் புளி போடுங்கள், காசுக்குப் போடாதீர்கள்!

மிச்சப் புளியாவது போகட்டும் என்று காய்ச்சி வடித்த நீர் தேடிப் போனேன். இதற்குச் சுகமான வழி, வாகனக் கடையில் விற்கிற பற்றரித் தண்ணி. முதல் கடையில் பெடியன் எடுத்துத் தந்தது பற்றரி அசிட். நல்லவேளை, போத்தலை வாசித்தேன். இல்லாவிட்டால் மூக்கோடு தலையும் போயிருக்கும். இரண்டாவது கடையில் 250 ரூபாய். ஒரு சதத்தைக் கழுவ 25,000 சதம்! வீட்டில் அம்மாவிடம் விலையைச் சொல்லவில்லை. உங்களுக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், காசைக் கழுவுவதற்கு முதல் நகைக்கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன், 4.4 கிராம். புதுக்காசு 4.7 அளவில் இருக்கும். தேய்ந்ததில் எவ்வளவு மக்கள் கை, எவ்வளவு பெரியப்பா கை என்று கேட்காதீர்கள்.

சரி, இப்போது மெற்றல் டிடெக்டர் ஆட்களிடம் வருகிறேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே “அண்ணா, மெஷின் வாங்குங்கோ” என்று பத்துப் பேர். இங்கே மெஷினும் கையுமாய் நின்றால் ஒன்று கண்ணிவெடி எடுக்க வந்தவர், இல்லாவிட்டால் புதையல் கள்ளன். யுத்த முன்னரங்காக இருந்த முகமாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே அது பொழுதுபோக்குச் சாமான் இல்லை. யுத்தம் நடந்த மண்ணில் சத்தம் கேட்டது காசுக்கா, வெடிக்காத செல்லுக்கா என்று மண்வெட்டியால் தோண்டியா பார்ப்பது? அது மட்டுமில்லை, 1940இல் வந்த தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, சொந்தக் காணி என்றாலும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டக்கூடாது. விக்டோரியா சதம் அவ்வளவு பழசில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் கந்தரோடை. முத்திரை குத்திய காசும் ரோமக் காசும் கிடைத்த ஊர். 1917இலேயே வரலாற்றாய்வாளர் போல் பீரிஸ் அங்கே ஆய்வு செய்திருக்கிறார். அப்படி ஒன்றோ, நந்தி படுத்திருக்க ‘சேது’ என்று எழுதிய, யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்துக் காசோ உங்கள் தோட்டத்தில் தட்டுப்பட்டால், கிடந்த இடத்தைப் படம் எடுத்துவிட்டுத் தொல்பொருள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். எந்த இடம், எந்த ஆழம் என்பது போய்விட்டால் அது வெறும் செம்புத் துண்டு. புதையல் என்று சிவப்பு அம்புக்குறி போட்டு வீடியோ விடுகிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

பெரியப்பா இப்போதுதான் போன் எடுத்தார். காசைத் திருப்பிக் கொண்டு வரட்டாம், சாமியறையில் திருநீற்றுத் தட்டுக்குள் வைக்கப் போகிறாராம். கொடுத்துத்தான் ஆக வேண்டும், அவருடைய தோட்டம். ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தத் தட்டையும் புளி போட்டுத்தான் தேய்ப்பார்கள்.