பெயர் போடாத கட்டுரை

நண்பர்களே, வணக்கம்.

இருபது வருடத்துக்கு மேல் டேட்டாபேஸ் வேலை பார்த்தவன், கதை வைத்திருப்பான் என்று நினைத்து என்னை மேடை ஏற்றிவிட்டீர்கள். டிபிஏ வேலையில், அதாவது டேட்டாபேஸைப் பராமரிக்கும் வேலையில், ஒரு சங்கடம் உண்டு. எல்லாம் ஒழுங்காக ஓடினால் நாம் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றுபோனால்தான் நம் பெயர் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு ராத்திரி என் பெயர் அப்படிக் கேட்டிருக்க வேண்டியது. புரொடக்ஷனில், அதாவது நிஜ வேலை ஓடும் டேட்டாபேஸில், பழைய ஆர்டர்கள் கொஞ்சத்தை அழிக்க வேண்டும். அழிக்கச் சொல்லும் டெலீட் கட்டளை எழுதி, கீழே எவற்றை மட்டும் என்று சொல்லும் வேர் (WHERE) நிபந்தனையும் எழுதினேன். ஓட்டும்போது மேல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டிவிட்டேன். டேபிள் மொத்தமும் காலி. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் இருந்த சீனியர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

“கமிட் பண்ணிட்டியா?”

“இல்லண்ணே.”

“அப்புறம் என்ன, ரோல்பேக் அடி.”

கமிட் என்றால் செய்த மாற்றத்தை நிலையாக்குவது, ரோல்பேக் என்றால் கமிட் செய்யாததை ரத்து செய்வது. அடித்தேன். எல்லாம் திரும்பி வந்தது. அந்த ரோல்பேக்குக்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. ஒருவர் மட்டுமல்ல, பலர். அவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே. என் கதையை விட்டுவிட்டு அவர் கதையைச் சொல்கிறேன்.

1944-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1969-ல் பெர்க்லியில் முனைவர் பட்டம். 70-களில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் சிஸ்டம் ஆர் என்ற டேட்டாபேஸ் திட்டக் குழுவில் இருந்தார். டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல் பிறந்த வீடு அதுதான். லாக், லாக் எழுதுவது (ஒன்று, ஒருவர் மாற்றும்போது இன்னொருவர் தொடாதபடி போடும் பூட்டு, இன்னொன்று, மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது), விழுந்த கணினியை மீட்டெடுப்பது என்று இன்று நாம் யோசிக்காமல் பயன்படுத்தும் பலவற்றை அங்கே உட்கார்ந்து தெளிவாக்கினார்கள். கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 1998-க்கு அவருக்குக் கிடைத்தது இந்த வேலைகளுக்காகத்தான்.

டிரான்ஸாக்ஷன் என்றால் என்ன என்று விளக்க 1981-ல் எழுதிய கட்டுரையில் அவர் கிறிஸ்தவத் திருமணத்தை உதாரணம் காட்டினார். பாதிரியார் இருவரிடமும் சம்மதமா என்று கேட்கிறார். இருவரும் ஆம் என்றால்தான் அறிவிப்பு. ஒருவர் தயங்கினாலும் கல்யாணம் இல்லை, பாதிக் கல்யாணம் என்று ஒன்று கிடையாது. டிரான்ஸாக்ஷனும் அப்படித்தான், நடந்தால் முழுதாக, இல்லையென்றால் இல்லவே இல்லை. நம் ஊரில் மூன்றாவது முடிச்சு விழுந்தால் கமிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு ரோல்பேக்குக்கு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அவருடைய வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 1985-ல் அவர் டேண்டம் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். அப்போது ஒவ்வொரு கம்பெனியும் தன் இயந்திரம்தான் வேகம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு அளவுகோல். கிரே ஒரு பொது அளவுகோலை எழுதினார். 1,000 கிளைகள், 10,000 காசாளர்கள், ஒரு கோடி கணக்குகள் உள்ள ஒரு வங்கி. அங்கே வரவும் பற்றும் வினாடிக்கு எத்தனை நடக்கும்? இது ஒரு சோதனை. ஒவ்வொன்றும் 100 பைட் உள்ள 10 லட்சம் பதிவுகளை வரிசைப்படுத்துவது இன்னொன்று.

எழுதியதைப் போட்டிக் கம்பெனிக்காரர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் அனுப்பித் திருத்தச் சொன்னார். தன் பெயரில் வந்தால் டேண்டம் விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் 1985 ஏப்ரல் 1 அன்று அது டேட்டாமேஷன் இதழில் வந்தபோது, ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பெயரிலி மற்றும் பலர்’ என்று இருந்தது. தேதி முட்டாள்கள் தினம் என்பது தனி வேடிக்கை. மூன்று வருடம் கழித்து, 1988-ல், போட்டியாளர்களே ஒரே மேசையில் உட்கார்ந்து, இப்படிப்பட்ட பொது அளவுகோல்களை வகுக்க டிபிசி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கிரேயின் அந்த வங்கிச் சோதனையிலிருந்துதான் அவர்களுடைய முதல் சோதனைகள் வந்தன.

இப்போது நம் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் சிலர் பேட்ஜுக்கும் பட்டத்துக்குமே வருகிறார்கள். தப்பென்று சொல்லமாட்டேன், நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் வேலை நடக்கும் என்றால் எத்தனை பேர் எடுப்போம்? எனக்கே சந்தேகம்தான்.

அதே 1985-ல், கணினிகள் ஏன் நிற்கின்றன என்றும் அவர் டேண்டம் வாடிக்கையாளர்களின் பழுதுகளை எடுத்துக் கணக்குப் போட்டார். வன்பொருள் 18 சதவீதம்தான். நிர்வாகத்தில் நடந்த தவறுகள் 42 சதவீதம். அதாவது என்னைப் போன்ற ஆட்கள். இதைப் படித்த பிறகுதான் அந்த ராத்திரியை வெளியில் சொல்லும் தைரியம் எனக்கு வந்தது.

பிற்பாடு மைக்ரோசாஃப்ட்டில் இருந்தபோது வானியலாளர்களிடம் போனார். வானியலாளர் அலெக்ஸ் சாலேயுடன் சேர்ந்து, வானத்தைப் படமெடுத்து வரைபடமாக்கும் ஸ்லோன் வான் ஆய்வின் தரவுக்கு டேட்டாபேஸ் கட்டினார். டேபிள் வரையவில்லை முதலில். உங்களுக்கு விடை வேண்டிய 20 கேள்விகளைச் சொல்லுங்கள் என்றார். ஐந்து கேள்வி என்றால் போதாது, நூறு என்றால் எது முக்கியம் என்று தெரியாது. இருபது கேட்டால் எதிராளி உட்கார்ந்து யோசித்தாக வேண்டும். நானும் புது புராஜெக்ட் என்றால் அதையே செய்கிறேன். பலர் ஏழாவது கேள்வியில் திணறுவார்கள். அவர்களுக்கே தேவை என்னவென்று தெரியவில்லை என்பது அங்கே புரிந்துவிடும்.

2007 ஜனவரி 28. தாயின் அஸ்தியைக் கரைக்க, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபாரலான் தீவுகளை நோக்கித் தன் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார். திரும்பவில்லை. கடலோரக் காவல்படை நாள்கணக்கில் தேடிவிட்டு நிறுத்தியது. துறைக்காரர்கள் நிறுத்தவில்லை. போட்டிக் கம்பெனிகளில் இருந்தவர்களும் பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து செயற்கைக்கோளை அந்தக் கடல் பக்கம் திருப்பிப் படம் எடுக்க வைத்தார்கள். படங்களைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, சிறு வேலைகளை இணையத்தில் பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் அமேசானின் மெக்கானிக்கல் டர்க்கில் ஏற்றினார்கள். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டில் உட்கார்ந்து, அலைகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று துண்டு துண்டாகப் பார்த்தார்கள். 40 அடிப் படகு அந்தப் படத்தில் சில புள்ளிகள்தான்.

படகு கிடைக்கவில்லை. 2012-ல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது.