மலையகக் குரல்கள் நூலகத்தில் சேர வேண்டும்

மதிப்பிற்குரிய அவையோரே,

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழரின் கலைகளுள் பெரும்பகுதி ஏட்டில் ஏறாமல் வாய்வழியாகவே வாழ்ந்து வந்தது. மாசி மாதக் காமன் கூத்துப் பாடல்களும், இழவு வீட்டு ஒப்பாரியும், கொழுந்து மலையில் பாடிய தெம்மாங்கும் கசெட் ரெக்கோர்டர்கள் லயங்களுக்குள், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குள், நுழைந்த பிறகே ஓரளவேனும் பதிவாயின. 1964ஆம் ஆண்டில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் நம்மவருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வாறு கப்பலேறிப் போனவர்களின் குரல்களும் நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கக்கூடும். அவற்றைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ப்பது இனியும் தள்ளிப்போடக்கூடிய பணியன்று.

கசெட்டினுள் ஓடும் நாடாவின் மேல் இரும்பு ஒட்சைட்டுத் துகள்களை ஒருவகைப் பசை பிடித்து வைத்திருக்கிறது. ஒலி அத்துகள்களின் காந்த ஒழுங்கில்தான் உறைந்திருக்கிறது. நமது மலைநாட்டு ஈரம் அந்தப் பசையைத் தளர்த்துவதோடு பூஞ்சணத்தையும் வளர்க்கிறது. ஆகவே, பழைய கசெட் கிடைத்த மகிழ்ச்சியில் அதை உடனே ஓட விட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த நாடா தானும் சிதைந்து, கருவியையும் அழுக்காக்கி, அடுத்து ஓடும் நாடாவிலும் பூஞ்சணத்தைப் பரப்பும்.

அத்தகைய நாடாவை உலர்த்தித் துடைத்த பின்னரும் ஒரு நுட்பம் உண்டு. கருவியில் நாடாவைத் தொட்டு ஒலியை வாசிக்கும் ‘ஹெட்’ என்ற பாகத்தின் சாய்வை, அதன் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைத் திருப்பி, ஒவ்வொரு நாடாவுக்கும் பொருத்த வேண்டும்; தவறினால் தப்புப் பறையின் சுள்ளென்ற அடிகூட மந்தமாகிவிடும். நாடாவிலிருந்து கணினிக்கு மாற்றும் மூலப்படியை 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ் அளவில், சுருக்காத வேவ் கோப்பாகச் சேமிப்பதே முறை. ஒரு மணிநேர ஸ்டீரியோ ஒலிக்கு அது ஏறத்தாழ 2 ஜிகாபைட் இடம் கேட்கும். இரைச்சல் நீக்குவதைக் கேட்பதற்கான படியில் மட்டுமே செய்யலாம். தகரக் கூரையில் விழும் மழையும், இடையில் அழும் குழந்தையும் அந்த லயத்தின் வரலாறே என்பது என் உறுதியான கருத்து.

இவையனைத்தையும்விட அவசரமானது விவரம். உறையில் ‘திருவிழா’ என்று மட்டும் எழுதிய கசெட்டில் பாடுவது யார், எந்தத் தோட்டம், தோட்டத்தின் எந்த டிவிசன் (பிரிவு), எந்த ஆண்டு என்பதைச் சொல்லக்கூடியவர்கள் முதுமையடைந்துவிட்டார்கள். ஒப்பாரியாயின், அதைப் பொதுவில் கேட்கவிடலாமா என்பதையும் அந்தக் குடும்பத்தாரே தீர்மானிக்க வேண்டும். ஆகவே கசெட்டைக் கொண்டுவருவோர், குரலை அடையாளம் காணும் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்து வாருங்கள். அவரால் மலையிறங்கி வர இயலாதென்றால், ஒலிக்கருவியுடன் தோட்டத்துக்கு ஏறிவருவதை நூலகத்தார் தம் கடமையாக ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.